ஜெபமா, மருந்தா, இரண்டுமா? புகையை விட நினைக்கும் கிறிஸ்தவருக்கு உள்ள வழிகள்

புகையை விட வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர் சபையில் ஆலோசனை கேட்டால், "ஜெபத்தில் வையுங்கள், ஆண்டவர் விடுதலை தருவார்" என்பார்கள். மருத்துவமனையில் கேட்டால் மெல்லும் நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், மாத்திரை என்பார்கள். இரண்டுமே தவறில்லை. இவர்கள் சொல்வது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் சொல்வது இவர்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். நடுவில் நிற்கிற மனிதர் தானாகவே இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் வழக்கமாகக் காணப்படுவது ஐந்து வழிகள். பொருத்தனை செய்து அன்றோடு நிறுத்துவது. லெந்து காலத்துக்கு (கத்தோலிக்கர் சொல்லும் தவக்காலத்துக்கு) விட்டுப் பார்ப்பது. தியான இல்லத்துக்கோ விடுதலை ஜெபத்துக்கோ போவது. குழுவாகக் கூடிப் பயிற்சியெடுப்பது. மருந்தும் சபையின் துணையும் சேர்ந்த வழி. எங்கள் சாய்வு கடைசி வழியின் பக்கம். ஆனால் எல்லாருக்கும் அது வேண்டியதில்லை. யாருக்கு எது என்பதை ஜெப வாழ்க்கையின் ஆழத்தை வைத்துச் சொல்ல முடியாது, உடம்பு நிக்கோட்டினுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் கணக்கு

இரண்டே கேள்விகள். காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் அல்லது பீடி? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்கும் பிறகு என்றால் 0. ஒரு நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டுங்கள். 0 முதல் 2 வரை லேசான பிடி, 3 அல்லது 4 நடுத்தரம், 5 அல்லது 6 கடுமை.

முதல் கேள்விதான் கனமானது. ராத்திரி முழுக்க நிக்கோட்டின் இல்லாமல் கிடந்த உடம்பு எவ்வளவு அவசரப்படுகிறது என்பதை அது காட்டிவிடும். இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. நிறுத்திய சில மணி நேரத்தில் எரிச்சல், பதற்றம், கவனம் சிதறுவது, தூக்கக் கேடு, பசி எல்லாம் தொடங்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இது உடம்பின் வேலை. சாப்பிட்டவுடன் கை தேடுவது, டீக்கடையில் நிற்கும்போது வாய் ஊறுவது, வீட்டில் சண்டை வந்தால் மொட்டை மாடிக்குப் போகத் தோன்றுவது ஆகியவை வேறு கணக்கு. அவை மாதக்கணக்கில் தலைகாட்டும். மருந்து முதல் கணக்கைத் தீர்க்கிறது. விசுவாசமும் ஐக்கியமும் இரண்டாவது கணக்கில்தான் பலமாக வேலை செய்கின்றன. ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்டும்போதுதான் பலரும் விழுகிறார்கள்.

பொருத்தனை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் முழங்காலில் நின்று, "இனி தொடமாட்டேன்" என்று பொருத்தனை செய்து, பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்புவது. செலவு இல்லை, நாள் தெளிவாக இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள். ஒரேயடியாக நிறுத்துவது மடத்தனமும் அல்ல. இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேர் நான்கு வாரம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம். ஆனால் அந்த இரண்டு குழுவினருக்குமே நிக்கோட்டின் மாற்று மருந்தும் (பேட்ச், கம் போன்றவை) ஆலோசனையும் கொடுக்கப்பட்டன. எந்த உதவியும் இல்லாமல், மன உறுதியை மட்டும் நம்பி நிறுத்துபவர்களில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான்.

பொருத்தனை உடைவது பெரும்பாலும் அதன் வாசகத்தில். "வாழ்நாள் முழுவதும் தொடமாட்டேன்" என்று சொன்னவர் ஒன்பதாம் நாள் ஒரே ஒரு சிகரெட் பிடித்தால், அவர் கணக்கில் அது ஒரு சிகரெட் அல்ல, ஆண்டவருக்குச் சொன்ன பொய். அந்தக் குற்ற உணர்ச்சியே அடுத்த பாக்கெட்டை வாங்க வைக்கும். அதற்குப் பிறகு ஆராதனைக்கு வரவும் கூசும். பிரசங்கி 5:5 நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நலம் என்கிறது. ஆகவே பொருத்தனையைச் செய்யக்கூடிய செயலாகச் செய்யுங்கள்: "இன்று புகைக்கமாட்டேன். ஆசை வந்தால் இன்னாருக்குப் போன் பண்ணுவேன். விழுந்தாலும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுவேன்." இது காலையில் புதுப்பிக்கிற பொருத்தனை. முடிவை வாக்குக் கொடுப்பதைவிட, கையில் உள்ள காரியத்தை வாக்குக் கொடுப்பது நேர்மையானதும் கூட.

இன்னொன்று, ஜனவரி 1 மோசமான நாள். முந்தின இரவு தூக்கம் இல்லை. மறுநாள் வீட்டில் விருந்து, ஊரிலிருந்து வந்த மச்சான்கள், சில வீடுகளில் மது. தூக்கமின்மையும் மதுவும் மறுபடி விழ வைக்கும் இரண்டு பெரிய காரணங்கள். பொருத்தனையை 31ஆம் தேதி செய்யுங்கள். நிறுத்தும் தேதியை அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு சாதாரண நாளில் வையுங்கள். அதற்குள் மருந்து வாங்கலாம், துணைக்கு ஆள் பார்க்கலாம், வீட்டில் ஒளித்து வைத்த பாக்கெட்டுகளையும் தீப்பெட்டிகளையும் வண்டிப் பெட்டிவரை தேடி எடுத்துப் போடலாம்.

இரண்டுக்குள் மதிப்பெண் வந்தவருக்கு இப்படித் திருத்திய பொருத்தனையும் ஒரு துணையாளும் பெரும்பாலும் போதும்.

லெந்து காலம்

இந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் தெரியாமலே நல்ல மருத்துவம் இதில் ஒளிந்திருக்கிறது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் 46 நாள் தள்ளி வருகிறது. ஞாயிறுகளைக் கழித்தால் 40. உடம்பின் தவிப்பு அடங்க வேண்டிய நான்கு வாரமும் இதற்குள் வந்துவிடுகிறது. வீட்டிலேயே இறைச்சி இல்லை, விருந்து இல்லை. கல்யாணங்கள் பொதுவாக இந்த நாட்களில் வைக்கப்படுவதில்லை. தம் அடிக்கத் தூண்டும் பந்தல்களும் பின்வாசல்களும் தானாகவே குறைகின்றன. "ஏன் வேண்டாம்ங்கிறே?" என்று நண்பர் கேட்டால் "தவக்காலம்" என்ற ஒரு சொல் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை. எந்த மருத்துவமனையாலும் இப்படியொரு சூழலை ஏற்படுத்திக் கொடுக்க முடியாது.

கெடுவது மூன்று இடத்தில். முதலாவது, ஞாயிற்றுக்கிழமை. லெந்து ஞாயிறுகள் நோன்பு நாட்கள் அல்ல என்பதால் இறைச்சி சாப்பிடுகிறோம், அதே கணக்கில் ஒரு சிகரெட்டும் ஆகட்டும் என்று தோன்றும். இறைச்சிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். நிக்கோட்டினுக்குப் பொருந்தாது, வாரம் ஒன்று பிடித்தால் அடங்கிவரும் ஆசை ஒவ்வொரு திங்களும் மறுபடி கிளறப்படும்.

இரண்டாவது, உணவு உபவாசத்தையும் இதையும் ஒன்றாகத் தொடங்குவது. புகையை நிறுத்தியவுடன் பசி கூடும். அதோடு காலை உணவையும் விட்டால், பசியா புகை ஆசையா என்று உடம்புக்கே தெரியாது; எரிச்சல் இரட்டிப்பாகும். முதல் இரண்டு வாரம் வேளைக்கு அளவாகச் சாப்பிடுங்கள். இறைச்சியை விடுவது பரவாயில்லை, வேளையை விட வேண்டாம். வெள்ளி உபவாச ஜெபத்துக்குப் போகிறவர்கள் மோரோ பழமோ எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. முழு இரவு ஜெபத்தையும் அந்த இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: ஈஸ்டர். முடிவு நாள் குறிக்கப்பட்ட விரதம் முடிவு நாளில் முடிந்துவிடும். பிரியாணிக்குப் பிறகு ஒன்று, அன்று மாலைக்குள் பாக்கெட். இதை அடைக்கச் சபை நாட்காட்டியிலேயே வழி இருக்கிறது. ஈஸ்டரிலிருந்து பெந்தெகொஸ்தே 49 நாள். சாம்பல் புதனிலிருந்து கணக்கிட்டால் 95 நாள். நிக்கோட்டின் கம்முக்கும், புகை ஆசையைக் குறைக்கும் வேரனிக்ளின் மாத்திரைக்கும் வழக்கமான காலம் 12 வாரம், அதாவது 84 நாள். சாம்பல் புதன் அன்று கம்மைத் தொடங்கினால், ஆண்டவர் விண்ணேற்றத் திருநாள் வருகிற வாரத்தில் முறை முடியும்; பெந்தெகொஸ்தே வரை ஒன்றரை வாரம் மருந்தில்லாமல் நடந்து பார்க்கலாம். ஆகவே "ஈஸ்டர் வரை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், "பெந்தெகொஸ்தே வரை" என்று குறித்துக்கொள்ளுங்கள். பெந்தெகொஸ்தே வந்தபின் நீட்டிப்பதில் சிரமம் இருக்காது.

தியான இல்லமும் விடுதலை ஜெபமும்

கேரளத்தில் சாலக்குடிக்குப் பக்கத்திலுள்ள முரிங்கூர் டிவைன் தியான மையத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். வார நாட்கள் முழுக்கத் தியானம், ஒப்புரவு, ஆராதனை. இப்படிப்பட்ட இடங்களின் பலம் எளிமையானது: அங்கே கடை இல்லை, தீப்பெட்டி இல்லை, நண்பர்கள் இல்லை, காலை முதல் இரவு வரை ஒருவர் சொல்படி நடக்கிறீர்கள். மிகக் கொடிய முதல் 72 மணி நேரம் கழிந்துபோகும். தங்கள் பழக்கத்தை வேறொருவரிடம் வாய்விட்டு அறிக்கையிடுவதும் அங்கே நடக்கிறது, அதற்கு ஈடான ஆறுதல் வேறு இல்லை.

பலவீனமும் அதே இடத்தில்தான். எந்தத் தூண்டுதலும் இல்லாத வளாகத்தில் ஆசை தணிந்திருப்பதை விடுதலை என்று எடுத்துக்கொண்டு வருபவர், தன் ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி டீ வாங்கும்போதே பழைய ஆளாகிவிடுவார். மத்தேயு 12இல் வரும் பெருக்கி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாக இருந்த வீட்டை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது. தியானத்துக்குப் போகிறவர் கிளம்புவதற்கு முன்பே, திரும்பி வந்த பிறகான முதல் ஏழு நாளைத் தாளில் எழுதி வைக்க வேண்டும்: எந்த வழியாக வேலைக்குப் போவது, டீ எங்கே குடிப்பது, இரவு எட்டு மணிக்கு யாரோடு இருப்பது.

விடுதலை ஜெபத்தில் ஆசை ஒரே நிமிடத்தில் போய்விட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. மறுக்க வேண்டியதில்லை, ஆனால் அதையே திட்டமாக வைக்க முடியாது. போய்விட்டது என்று உணர்ந்தவரும் சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிப் போடலாம், துணையாளுக்குப் போன் பண்ணலாம், அதனால் விசுவாசம் குறைந்துவிடாது. மூன்றாம் நாள் கைநடுங்கி எரிந்து விழுகிறவரைப் பார்த்து "பிசாசு திரும்ப வந்துவிட்டான்" என்று சொல்வது மட்டும் வேண்டாம். அது நிக்கோட்டின் இறங்குவதன் அடையாளம். சில வாரத்தில் தணியும். வேறு பெயர் வைத்தால் பயம்தான் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதில் தயவு தாட்சண்யம் இல்லை. எந்த ஊழியக்காரர் சொன்னாலும் மனநல மருந்தையோ ஆஸ்துமா மருந்தையோ நிறுத்தாதீர்கள். சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் சில மருந்துகளை வேகமாகக் கரைக்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் சில நாளில் குறையும்; குளோசபின், ஒலான்சபின், தியோஃபிலின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். இவற்றை எடுப்பவர்கள் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் அவர் அளவை மாற்றித் தருவார். இந்த மாற்றத்துக்குக் காரணம் நிக்கோட்டின் அல்ல, புகை. ஆகவே பேட்ச் ஒட்டினாலும் இது நடக்கும்.

ஐந்து நாள் திட்டம்

அமெரிக்காவில் 1960ஐ ஒட்டி செவந்த்டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த எல்மன் ஃபோல்கன்பர்க் என்ற போதகரும் வேய்ன் மெக்ஃபார்லண்ட் என்ற மருத்துவரும் சேர்ந்து உருவாக்கியது இது. போதகரும் மருத்துவரும் ஒரே மேடையில் நின்று நடத்தியதுதான் இதன் புதுமை. தொடர்ந்து ஐந்து மாலை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். முதல் மாலையிலிருந்தே நிறுத்திவிட வேண்டும். சாப்பாட்டுக்கு இடையிடையே ஒரு நாளைக்கு 6 முதல் 8 டம்ளர் தண்ணீர். முதல் நாள் பழமும் பழச்சாறும். காபி, டீ, மது கிடையாது. காரமும் பொரித்ததும் குறைவு. சாப்பிட்டவுடன் வழக்கமான நாற்காலியில் உட்காராமல் எழுந்து நடை. ஆசை வந்தால் ஆழ்ந்த மூச்சு, வெதுவெதுப்பான குளியல். ஒருவருக்கொருவர் துணையாக இரண்டிரண்டு பேர். "நான் புகைப்பதில்லை என்று தீர்மானிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்வது. ஆண்டவரிடம் பலம் கேட்பது.

நிக்கோட்டின் கம் கடைக்கு வராத காலத்தில் எழுதியது என்றாலும் பல விஷயங்கள் இன்றும் நிற்கின்றன. காபியை எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்பவரின் உடம்பு கஃபீனையும் வேகமாகக் கரைக்கிறது. நிறுத்திய பிறகு அதே நாலு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தால் இரத்தத்தில் கஃபீன் கூடுகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வருகிறது. அதை "சிகரெட் இல்லாத தவிப்பு" என்று நினைத்து மறுபடி பிடிக்கிறார்கள். முழுக்க விட வேண்டியதில்லை, பாதியாக்கினால் போதும். சபை முடிந்து வாசலில் கொடுக்கும் காபியும் கணக்கில் சேரும்.

குறை என்னவென்றால் ஐந்து நாள் போதாது. உச்சத்தைத் தாண்ட வைத்து அனுப்பிவிடுகிறது. பிறகு மூன்று வாரம் தனியே. பின்னாளில் இந்தத் திட்டத்தை நீட்டித் திருத்தி "பிரீத் ஃப்ரீ" என்ற பெயரில் நடத்தினார்கள். குழுவாகக் கூடி விடுவதே பலன் தருவது என்பதற்கு மருத்துவ ஆதாரம் உண்டு: புத்தகம் படித்துத் தானே விட முயல்பவர்களோடு ஒப்பிட்டால் குழுவில் சேர்ந்தவர்கள் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு.

உங்கள் சபையில் நடத்த வேண்டுமென்றால் 8 முதல் 12 பேர் போதும். ஐந்து மாலைக்குப் பிறகு நான்கு வாரம் வாரம் ஒருமுறை கூட்டம், கண்டிப்பாக. போதகரோடு சபையிலுள்ள நர்ஸோ மருத்துவரோ ஒருவர். இடம் ஆலயத்துக்குள் வேண்டாம், பள்ளிக் கூடமோ பாரிஷ் ஹாலோ நல்லது. பீடத்துக்கு முன்னால் வந்து நில் என்றால் வெட்கப்படுகிறவர்கள் வரமாட்டார்கள், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஹான்ஸும் வெற்றிலைப் புகையிலையும் போடுபவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களில் பலர் அந்தப் பக்கம்தான்.

மருந்தும் சபையும்

மூன்றும் அதற்கு மேலும் மதிப்பெண் வந்தவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். முதல் தடை மருந்தல்ல, "கம் மெல்லுவது அவிசுவாசம் இல்லையா" என்ற கேள்வி. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாக வாக்கும் கிடைத்தது. அதன்பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார் (ஏசாயா 38). சர்க்கரை மாத்திரையைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் கவனியுங்கள். "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்ற வசனத்தை (1 கொரிந்தியர் 6:12) காட்டி, கம்முக்கும் அடிமையாகலாமா என்பார்கள் சிலர். நுரையீரலில் ஏறிச் சில வினாடியில் மூளையைத் தொடும் சிகரெட் நிக்கோட்டினுக்கும், வாயின் தோல் வழியாக மெதுவாக ஏறும் கம் நிக்கோட்டினுக்கும் பிடிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. தாரும் கார்பன் மோனாக்சைடும் கம்மில் இல்லவே இல்லை.

நிக்கோட்டின் மாற்று, வெல்லும் வாய்ப்பை ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக உயர்த்துகிறது. வேரனிக்ளின் மாத்திரை இரண்டு மடங்குக்கு மேல்.

கம்: 2 மில்லிகிராம் இந்தியாவில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும். விழித்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம், அதற்குச் சீட்டு வேண்டும். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஏழு முதல் ஒன்பதாம் வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று. பத்து முதல் பன்னிரண்டு வரை நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 24க்கு மேல் கூடாது.

இதில் பாதிப் பேர் தோற்பது மெல்லும் விதத்தில். பபிள் கம் மாதிரி மென்று தள்ளினால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போகும். விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஆசையும் தீராது. மெதுவாகச் சில கடி. நாக்கில் காரமோ குறுகுறுப்போ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். குறுகுறுப்பு போனதும் மறுபடி இரண்டு கடி, பக்கம் மாற்றி ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பும் மெல்லும்போதும் டீ, காபி, சோடா, பழச்சாறு வேண்டாம். புளிப்பு இருந்தால் வாய்த்தோல் நிக்கோட்டினை உறிஞ்சாது. அடுத்த தவறு, ஒரு நாளைக்கு மூன்றே மூன்று மென்றுவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்பது. மூன்றாவது, பத்து நாளில் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுவது.

கடுமையான பிடி உள்ளவர்களுக்கு பேட்சும் கம்மும் சேர்ந்தது தனியொன்றைவிட மேல். பேட்ச் நாள் முழுக்க மட்டம் வைத்திருக்கும், திடீர் ஆசைக்கு கம். ஒரு நாளைக்கு 10க்கு மேல் புகைப்பவர் 21 மில்லிகிராம் பேட்சில் ஆறு வாரம், 14இல் இரண்டு வாரம், 7இல் இரண்டு வாரம். தினமும் புதிது, தினமும் வேறு இடம், ரோமமும் வியர்வையும் இல்லாத தோலில். கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். கத்தோலிக்கர்கள் கேட்கும் ஒரு சந்தேகம்: நற்கருணைக்கு முந்தைய ஒரு மணி நேர நோன்பில் கம் மெல்லலாமா? திருச்சபைச் சட்டம் தண்ணீரையும் மருந்தையும் விலக்கியே சொல்கிறது. இருந்தாலும் ஞாயிறு காலைக்கு பேட்ச் வசதி. வாயில் ஒதுக்கிய கம்மோடு பந்திக்குப் போக யாருக்கும் மனம் வராது.

வேரனிக்ளின் மருத்துவர் எழுதித் தருவது. முதல் மூன்று நாள் 0.5 மில்லிகிராம் ஒருவேளை, நான்கு முதல் ஏழாம் நாள் வரை அதே அளவு இருவேளை, எட்டாம் நாள் முதல் 1 மில்லிகிராம் இருவேளை, மொத்தம் 12 வாரம். எட்டாம் நாள்தான் புகையை நிறுத்தும் நாள். ஆகவே டிசம்பர் 31 பொருத்தனை செய்து மறுநாள் மாத்திரை தொடங்குகிறவருக்கு ஜனவரி 8 நிறுத்தும் நாளாக அமையும். குமட்டல் இதன் தொல்லை. சாப்பிட்ட பிறகு முழு டம்ளர் தண்ணீரோடு போட்டால் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். புப்ரோபியான் இன்னொரு மாத்திரை. வலிப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் தானே வாங்கிப் போடக் கூடாது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மையத்தில் புகையிலை நிறுத்தத்துக்கு நீண்ட காலமாகத் தனிப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

இனி சபையின் பங்கு. ஓர் ஆள் வேண்டும், ஒரே ஓர் ஆள். போதகர் வேண்டாம், அவரிடம் தோல்வியைச் சொல்லத் தயங்குவீர்கள். ஆண்கள் ஐக்கியத்திலோ அன்பியத்திலோ வீட்டு ஜெபக் குழுவிலோ, விட்டு ஒரு வருடமாவது ஆன அண்ணன் ஒருவர் நல்லது. முதல் ஏழு நாள் தினமும் அவரே போன் பண்ண வேண்டும், இரண்டு நிமிடம் போதும். நான்காம் வாரம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள். அவர் கேட்க வேண்டியது "விசுவாசமா இருக்கீங்களா?" என்று அல்ல, "இன்னைக்கு எப்போ கஷ்டமா இருந்துச்சு? கம் எத்தனை?" என்று.

ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடமே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்துக்கு நீண்ட ஜெபம் சரிவராது, மனம் அலையும். மனப்பாடமான ஒன்று வேண்டும். 91ஆம் சங்கீதம் 16 வசனம். நடந்துகொண்டே நிதானமாகச் சொன்னால் உச்சம் தணியத் தொடங்கும். செபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஜெபிக்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். விரலுக்கும் வேலை கிடைக்கிறது, சிகரெட் பிடித்த கைக்கு அது சின்ன விஷயமில்லை. எந்தெந்த நேரத்தில் ஆசை வரும் என்பது முன்பே தெரியும். அந்த நேரங்களுக்கு ஒவ்வொரு வசனத்தை ஒதுக்கி, சிகரெட் வைத்த அதே சட்டைப் பையில் எழுதி வையுங்கள்.

சாட்சி சொல்வதில் அவசரம் வேண்டாம். பத்தாம் நாளே மைக்கில் சொன்னவர், இருபதாம் நாள் விழுந்தால் மறைப்பார். மறைத்தால் உதவி நின்றுபோகும். மூன்று மாதம் வரை ஜெப விண்ணப்பமாகவே வையுங்கள். எடை சராசரியாக நான்கைந்து கிலோ கூடலாம் என்பதையும் வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே சாக்காக வைத்து மனசு பேரம் பேசும்.

விழுந்துவிட்டால்

ஐந்து வழியில் எதில் போனாலும் ஒரு சிகரெட் நழுவலாம். பேட்சைக் கழற்ற வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம். மீதியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு அன்று படுக்கும் முன் துணையாளிடம் சொல்லுங்கள். எங்கே, யாரோடு, என்ன நடந்த பிறகு என்று மூன்று வரி எழுதுங்கள். அடுத்த வாரம் அந்த இடத்துக்கு மட்டும் புதுத் திட்டம். பாவ அறிக்கை செய்வதானால் செய்யுங்கள், ஆனால் "மறுபடி முதலிலிருந்து" என்று நாட்காட்டியைக் கிழிக்காதீர்கள். 19 நாள் இல்லாமல் இருந்த உடம்பு ஒரு சிகரெட்டால் பழைய நிலைக்குப் போய்விடவில்லை. தொடர்ந்து இரண்டு நாள் புகைத்திருந்தால் மருந்தின் அளவு போதவில்லை என்று கொள்ளலாம், மருத்துவரைப் பாருங்கள்.

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. தமிழிலும் பேசுவார்கள், பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை. விசுவாசிகள் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனையோடு நிறுத்தத்தான் விரும்புவார்கள். கடினமான இரண்டாம் நாள் அப்போது திங்களில் விழும், எண்ணும் எடுக்காது. ஞாயிறுதான் என்றால் திங்களுக்குத் துணையாளை முன்கூட்டியே பேசி வையுங்கள், இல்லையென்றால் செவ்வாயில் தொடங்குங்கள்.